வெயில் அடிக்கிறது, பாத்தியைக் கொத்தலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. வீட்டுக்குப் பின்னால் 12 அடிக்கு 10 அடி இடம் இருக்கிறது. போன வருஷம்தான் முதல் தடவையாகக் காய்கறி போட்டேன். குளிர் விட்ட முதல் வாரமே, நல்ல வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்ணை முழுக்கக் கொத்திப் புரட்டி, ஒரு பண்ணையில் இருந்து சாணி கொண்டுவந்து கலந்தேன். மறுநாளே பீன்ஸ் விதை ஊன்றினேன். அடுத்த வாரம் தக்காளி நாற்று நட்டேன். 20 பீன்ஸ் விதையில் 4 தான் முளைத்தது. தக்காளி ஒரு மாதம் அப்படியே நின்றது, இலையின் அடிப்புறம் ஊதா நிறமாக மாறியது. பிறகு காடு மாதிரி இலை விட்டது. காய் குறைவு, வந்த காயும் அடி கறுத்துப் போனது. மண் கோடை முழுக்கக் கட்டி கட்டியாகவே கிடந்தது. போதாததற்கு ஒரு புல் மண்ணுக்குள் கொடி போல ஓடுகிறது. இந்த வருஷம் டில்லர் வாடகைக்கு எடுத்து ஆழமாக உழுது, மணல் சேர்த்து, சுண்ணாம்பும் ஜிப்சமும் போடச் சொல்கிறார் நண்பர். வசந்தம் நெருங்குகிறது. எதில் தொடங்குவது, எப்போது தொடங்குவது?

பதில்: வணக்கம். ஆறு குறைகள் எழுதியிருக்கிறீர்கள். புல்லைத் தவிர மற்ற ஐந்தையும் தேடிக்கொண்டு போனால் எல்லாம் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் போய் நிற்கின்றன.

அன்றைக்கு வெயில் அடித்தது உண்மைதான். ஆனால் அது உங்கள் முதுகில் பட்டதே தவிர மண்ணுக்குள் இறங்கவில்லை. காற்று ஒரே பகலில் சூடாகிவிடும். 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் மண்ணுக்குச் சூடு ஏற வாரக்கணக்கில் ஆகும். அதிலும் குளிர்காலத்து ஈரத்தை முழுக்கக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் களிமண் என்றால் கேட்கவே வேண்டாம். மண்ணோடு சேர்த்து அதிலுள்ள தண்ணீரையும் வெயில் சூடாக்கியாக வேண்டும். தண்ணீரோ லேசில் சூடாகாது.

மண் கட்டியானதை முதலில் பார்த்துவிடுவோம். சரிசெய்ய அதிக நாள் பிடிப்பது அதுதான். களிமண்ணின் துகள்கள் தட்டையானவை, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. நல்ல மண்ணில் இவை மணி மணியாகச் சேர்ந்து நிற்கும். மணிக்கும் மணிக்கும் நடுவே காற்றும் தண்ணீரும் வேரும் போக வழி இருக்கும். ஈரத்தில் மண்வெட்டியால் புரட்டினாலோ, மேலே நடந்தாலோ, துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் சீட்டுக்கட்டு போல நெருங்கிப் படிந்துவிடுகின்றன. வழி அடைபட்டுப்போகும். அப்புறம் காய்ந்தால் இறுகும். செங்கல் அறுப்பவர்கள் வேண்டுமென்றே செய்வது இதைத்தான்: களிமண்ணில் தண்ணீர் விட்டு, மிதித்துக் குழைத்து, காயவைப்பது. நீங்கள் தெரியாமல் 120 சதுர அடிக்குச் செங்கல் அறுத்துவிட்டீர்கள்.

சிரிக்காதீர்கள், நானும் அறுத்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு பாத்தி தயார் செய்யச் சொன்னார்கள். முந்தின நாள் மழை. வருகிறவர்கள் முன்னால் அசிங்கப்படக் கூடாதே என்று ஈரத்திலேயே கொத்தினேன். வெட்டின இடமெல்லாம் எண்ணெய் தடவியது போலப் பளபளத்தது. பார்க்க நன்றாக இருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன். மண் குழைந்துபோனதற்கு அந்தப் பளபளப்புதான் அடையாளம் என்று எனக்குத் தெரிய ஒரு கோடை ஆனது, அந்தப் பாத்தி வழிக்கு வர இரண்டு வருஷம் ஆனது.

எனவே உங்கள் 'எப்போது?' என்ற கேள்விக்கு என்னிடம் தேதி கிடையாது. பதம்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும் விதம் இது. மேல் மண் ஏமாற்றும், அதைத் தள்ளிவிடுங்கள். ஒரு சாண் ஆழம் வரை தோண்டி, அடியில் இருந்து ஒரு கைப்பிடி எடுங்கள். உள்ளங்கையில் வைத்து அழுத்தி உருண்டை பிடியுங்கள். கையைத் திறந்து, கட்டை விரலால் உருண்டையை லேசாகக் குத்துங்கள். விரல் பதிந்து, குழி விழுந்து, உருண்டை அப்படியே நின்றால் இன்னும் ஈரம். பாத்திப் பக்கமே போகாதீர்கள், மூன்று நாலு நாள் கழித்து மறுபடி பாருங்கள். குத்தினவுடன் பொலபொலவென உதிர்ந்தால் அதுதான் பதம். உருண்டையே பிடிக்க வராமல் தூளாகப் போனால் காய்ந்துவிட்டது, முந்தின நாள் தண்ணீர் விட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். சுவர் ஓரம் காய்ந்திருக்கும், பள்ளமான மூலையில் இன்னும் சொதசொத என்றே இருக்கும்.

பதம் வந்துவிட்டால் கொத்தலாம். ஆனால் விதை போடலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு மண்ணின் சூடு வேண்டும். மண்ணில் குத்திப் பார்க்கிற ஒரு சாதாரண வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு நீங்கள் வாங்கப் போகிற சாமான்களிலேயே இதுதான் சீக்கிரம் போட்ட காசை எடுக்கும். காலையில், மண் குளிர்ந்திருக்கும் நேரத்தில், 10 சென்டிமீட்டர் ஆழத்தில் குத்திப் பாருங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து பார்த்து, எண் கீழே இறங்காமல் நிற்கிறதா என்று கவனியுங்கள்.

பட்டாணி, பசலை (கொடிப்பசலை அல்ல, ஸ்பினாச்), முள்ளங்கி, லெட்யூஸ் எல்லாம் குளிருக்கு அஞ்சாதவை. மண் 5 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே மெதுவாக முளைக்கும், 8, 10 என்றால் தாராளம். கேரட்டும் இந்தக் கூட்டம்தான், கொஞ்சம் சோம்பேறி, அவ்வளவே. பீன்ஸுக்கு 15, 16 டிகிரியாவது வேண்டும். தக்காளி நாற்று நடவும் அதே அளவு. வெள்ளரிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். கத்தரி, மிளகாய், வெண்டை மூன்றும் சூட்டுக்குப் பிறந்தவை, 18 டிகிரிக்குக் கீழே அவற்றை மண்ணில் வைப்பதால் ஒரு லாபமும் இல்லை.

உங்கள் பீன்ஸ் கதை இப்போது புரிந்திருக்கும். உலர்ந்த விதை முதல் சில மணி நேரத்தில் வேக வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்தத் தண்ணீர் சில்லென்று இருந்தால் உள்ளே இருக்கும் செல்களின் சவ்வு சிதைந்து, விதைக்குள் இருக்கும் சர்க்கரை வெளியே கசியும். அது மண்ணில் இருக்கும் பூஞ்சைக்கு விருந்து. பத்து நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தீர்களா தெரியாது, பார்த்திருந்தால் விதை வழவழவென்று, விரல் பட்டதும் நசுங்கியிருக்கும். விதைக்காரர் ஏமாற்றவில்லை. இரண்டு வாரம் தள்ளி ஊன்றியிருந்தால் அதே பொட்டலம் உங்களுக்குப் பந்தல் நிறையக் காய்த்திருக்கும்.

தக்காளியின் ஊதா இலையும் குளிரின் வேலைதான். மண் குளிர்ந்திருந்தால் வேர் வளராது, இருக்கிற வேராலும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, சரியாக எடுக்க முடியாது. மண்ணில் மணிச்சத்து போதுமான அளவு இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது. அதனால்தான் இலையின் அடிப்புறமும் நரம்பும் ஊதாவாக மாறுகின்றன. இதைப் பார்த்துவிட்டுப் பலர் மணிச்சத்து உரம் வாங்கிக் கொட்டுவார்கள். வேண்டியதில்லை, மண் சூடேறியதும் புது இலை பச்சையாகவே வரும். உங்கள் செடியும் ஒரு மாதம் கழித்து எழுந்துகொண்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எழுந்தது காடாக வளர்ந்ததற்குக் காரணம் சாணி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கேள்வி அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் செய்கிற தவறு இது. மக்காத சாணியில் தழைச்சத்து (நைட்ரஜன்) சட்டென்று கிடைக்கிற வடிவத்தில் நிறைய இருக்கும். செடி இலையாகவும் தண்டாகவும் போட்டுத் தள்ளும், பூவுக்கு அவசரப்படாது. அதைவிடப் பெரிய விஷயம், பச்சைச் சாணியில் மனிதருக்கு நோய் தரும் ஈ. கோலை, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். லெட்யூஸ், முள்ளங்கி, கேரட் என்று மண்ணைத் தொட்டு வளர்வதைப் பச்சையாகச் சாப்பிடுகிறோம். அமெரிக்காவின் இயற்கை வேளாண்மை விதிகள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கின்றன: மக்காத சாணி போட்டால், மண்ணைத் தொடும் காய்கறிக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பாகவும், மண்ணைத் தொடாததற்கு 90 நாள் முன்பாகவும் போட்டிருக்க வேண்டும். வசந்தத்தில் போட்டுவிட்டு 40 நாளில் முள்ளங்கி பிடுங்குகிற வீட்டுத் தோட்டத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பச்சைச் சாணி போடுவதானால் இலையுதிர் காலத்தில் போடுங்கள். வசந்தத்தில் நன்றாக மக்கிய உரம் மட்டும். மக்கியதா என்று மூக்கே சொல்லிவிடும். மழை பெய்த மண் வாசனை வந்தால் சரி, மூக்கில் குத்துகிற நெடி அடித்தால் இன்னும் வேகவில்லை.

போன வருஷச் சாணியில் மிச்சம் இருந்து மக்கிப்போயிருந்தாலும் எடுத்தவுடன் போட்டுவிடாதீர்கள். வைக்கோலுக்கும் புல்லுக்கும் அடிக்கிற சில களைக்கொல்லிகள், மாட்டின் வயிற்றைத் தாண்டி, சாணியைத் தாண்டி, மக்கிய பிறகும் உரத்தில் தங்கி நிற்கும். புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளைக் கொல்வதற்கென்றே செய்த மருந்து அது, தக்காளியும் பீன்ஸும் அதற்கு முதல் பலி. சோதிப்பது எளிது. மூன்று தொட்டியில் அந்த உரத்தைக் கலந்த மண், மூன்று தொட்டியில் உரம் கலக்காத மண், எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு பீன்ஸ் விதை. வீட்டுக்குள் வெளிச்சமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் வளர்த்துப் பாருங்கள். உரம் போட்ட செடியில் மட்டும் இலை சுருண்டு, கிண்ணம் போலக் குழிந்து, நுனி முறுக்கிக்கொண்டால் அந்த உரம் காய்கறிக்கு ஆகாது.

காயின் அடி கறுத்ததற்கு வருகிறேன். நண்பர் சுண்ணாம்பும் ஜிப்சமும் சொன்னது இதற்காகத்தான் இருக்கும். பாதி சரி. அந்தக் கறுப்பு நோயல்ல, காயின் நுனிக்குச் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஆனால் பெரும்பாலான தோட்டங்களில் மண்ணில் அந்தச் சத்து இருக்கவே செய்கிறது, காய் வரை வந்து சேருவதில்தான் சிக்கல். அது தண்ணீரோடு மட்டுமே பயணம் செய்யும். ஒரு வாரம் காயவிட்டு ஒரே நாளில் வெள்ளமாக விட்டால் வண்டி நின்று நின்று ஓடுகிறது. உங்கள் செடியிலோ இலை காடாக இருந்தது, ஏறி வந்த தண்ணீரை இலையே இழுத்துக்கொண்டது. வேரும் கட்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு பரவவில்லை. மண் திருந்தி, தண்ணீர் சீராகப் போய், தழைச்சத்து குறைந்தால் கறுப்பு தானாகவே பெரும்பாலும் போய்விடும். முட்டை ஓடு புதைத்தால் போகும் என்பார்கள். ஓடு மண்ணில் கரைந்து வருவதற்குள் உங்கள் தக்காளிப் பருவம் முடிந்துவிடும்.

சுண்ணாம்பு போடலாமா கூடாதா என்று மண் பரிசோதனை பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. காய்கறிகளுக்கு மண்ணின் பி.எச். அளவு (அமிலத்தன்மையா காரத்தன்மையா என்று காட்டும் எண்) 6-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. சுண்ணாம்பு அதை ஏற்றும். ஏற்கெனவே 7-ஐத் தாண்டிய மண்ணில் சுண்ணாம்பு கொட்டினால் இரும்பு, துத்தநாகம் போன்றவை செடிக்குக் கிடைக்காமல் போய் இலை வெளுக்கும், ஏறின பி.எச்.-ஐ இறக்குவது ஏற்றுவதைவிடப் பெரிய பாடு. ஜிப்சம் வேறு கதை. சோடியம் மிகுந்த உவர் களிமண்ணில் அது வேலை செய்யும், சாதாரணக் களிமண்ணில் செலவுதான் மிச்சம். மண் எடுக்கும்போது 8, 10 இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்து, சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அதிலிருந்து ஆய்வகம் கேட்கும் அளவைக் கொடுங்கள். துத்தநாகம் பூசிய இரும்பு வாளி வேண்டாம், சோதனையின் எண்ணே மாறிப்போகும்.

மணல் யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் இளகும் என்று தோன்றும். நடப்பது வேறு. மணல் துகள்களின் இடைவெளியைக் களிமண் போய் அடைத்துக்கொள்ளும், கான்கிரீட்டில் ஜல்லியைச் சிமெண்ட் பிடிப்பது போல. மணல் நிஜமாகவே மண்ணின் குணத்தை மாற்ற வேண்டும் என்றால் பாதிக்கு மேல் மணலாகவே இருக்க வேண்டும், அதற்கு உங்கள் மண்ணை அள்ளி வெளியே போட்டுவிட்டு வேறு மண் கொண்டுவரலாம்.

களிமண்ணைத் திருத்துவது மக்கு உரம்தான், அதுவும் ஒரே வருஷத்தில் இல்லை. எவ்வளவு வேண்டும் என்று உங்கள் இடத்துக்கே கணக்குப் போட்டேன். 12 அடி அகலத்தில் இரண்டு பாத்தி பிரியுங்கள், ஒவ்வொன்றும் 4 அடி அகலம், 10 அடி நீளம். நடுவில் 2 அடிப் பாதை, இரண்டு ஓரத்திலும் ஓர் அடி. 4 அடி ஏன் என்றால், எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பாத்தியின் நடுவரை கை எட்டும், உள்ளே கால் வைக்க வேண்டியதே இல்லை. பாத்திகள் மட்டும் 80 சதுர அடி. அதன்மேல் ஒரு அங்குலம் மக்கு உரம் பரப்ப ஏறக்குறைய 190 லிட்டர் ஆகும், 40 லிட்டர் மூட்டை என்றால் 5. இந்த வருஷம் மண் மோசமாக இருப்பதால் இரண்டு அங்குலம்கூடப் போடலாம். அடுத்த வருஷத்தில் இருந்து ஓர் அங்குலம் போதும். 120 சதுர அடிக்கும் உரம் வாங்கிப் பாதையில் கொட்டி மிதிப்பதில் யாருக்கும் பயன் இல்லை.

அந்தப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைக்கே கயிறு கட்டிவிடுங்கள், பாத்தி எது பாதை எது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியட்டும். பாத்திக்குள் ஒருமுறை வைக்கிற காலின் எடை, மண்புழு ஒரு மாதம் செய்த வேலையை அழிக்கும். பந்து எடுக்க ஓடுகிற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் கயிறு.

பதம் வந்த நாளில் வேலை அதிகம் இல்லை. உரத்தைப் பரப்புங்கள். நான்கு பல் உள்ள தோட்ட ஃபோர்க்கைச் செங்குத்தாக மண்ணில் மிதித்து இறக்கி, கைப்பிடியைப் பின்னால் சாய்த்து, மண்ணை லேசாகத் தூக்கி விடுங்கள். புரட்ட வேண்டாம். மண் விரிசல் விட்டு மேலே எழும்பும், அந்த விரிசலில் உரம் இறங்கும். அரை அடி தள்ளி மறுபடி. அகல உழுவதை விட ஆழ உழு என்று பழமொழி சொல்லும், ஆனால் வீட்டுப் பாத்தியில் அடி மண்ணை மேலே கொண்டுவந்தால் உயிர் இல்லாத மண்தான் மேலே வரும், கூடவே பல வருஷமாக அடியில் தூங்கிய களை விதையும் வெளிச்சம் பார்க்கும். பெரிய கட்டிகளை ஃபோர்க்கின் முதுகால் தட்டுங்கள், உடையாதவற்றை ஓரமாக ஒதுக்குங்கள். மாவு போல ஆகும் வரை உடைக்கிற ஆசை வேண்டாம், அப்படி உடைத்த மண் முதல் மழையில் மேலே ஓடு கட்டிவிடும்.

டில்லர் வேண்டாம் என்பதற்கு உங்கள் கடிதமே காரணம் சொல்கிறது. மண்ணுக்குள் கொடி போல ஓடுகிற புல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகைப் புல்லின் தண்டில் கணுவுக்குக் கணு மொட்டு இருக்கும். டில்லரின் கத்தி ஒரு கொடியை இருபது துண்டாக்கினால் இருபது புல்லை நட்டதற்குச் சமம். கையால்தான் எடுக்க வேண்டும். மண் பதமாக இருக்கும்போது ஃபோர்க்கால் நெகிழ்த்தி, வெள்ளைத் தண்டைப் பிடித்து, அறுபடாமல் அது போகிற வழியிலேயே மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். சில சமயம் ஒரே இழுப்பில் கைநீளத்துக்கு வரும், அந்தச் சந்தோஷமே தனி. எடுத்ததை மக்குக் குழியில் போடாதீர்கள், அங்கேயும் தழைக்கும். வெயிலில் சருகாகக் காயவைத்து அப்புறப்படுத்துங்கள். முதல் வருஷத்தில் முழுக்கப் போகாது. தலை காட்டும்போதெல்லாம் எடுத்துக்கொண்டே இருந்தால் அதன் சேமிப்பு தீரும்.

சாதாரணக் களைக்கு ஒரு தந்திரம் உண்டு. பாத்தி தயாரானதும் விதைக்காதீர்கள். தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் சும்மா விடுங்கள். மேல் மண்ணில் இருக்கும் களை விதை முளைத்துப் பச்சைப் படலம் போல வரும். களைக்கொத்தால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குமேல் போகாமல் சுரண்டிவிட்டு, அப்புறம் விதையுங்கள். கேரட் போடுகிறவர்கள் இதைச் செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் கேரட் முளைக்க இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் களை அதன் தலைக்குமேல் நிற்கும்.

சரி, பதம் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? இல்லை. மண்ணைத் தொடாமல் செய்கிற வேலை நிறைய இருக்கிறது. மண் பரிசோதனைக்கு அனுப்புவது முதல். அடுத்து, பழைய விதைப் பொட்டலங்களை எடுத்துப் பாருங்கள். வெங்காய விதை ஒரு வருஷத்துக்குமேல் நம்ப முடியாது. பீன்ஸ் மூன்று வருஷம், தக்காளி நாலு வருஷம் தாங்கும், வெள்ளரி அதற்கு மேலேயும். சந்தேகம் இருந்தால் 10 விதையை ஈரக் காகிதத் துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கதகதப்பான இடத்தில் வையுங்கள். 7 முளைத்தால் கொஞ்சம் நெருக்கமாக ஊன்றினால் போதும், 3 முளைத்தால் புதிதாக வாங்குங்கள்.

வெயில் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள், ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இப்போது மரங்களில் இலை இல்லை. பக்கத்தில் இலையுதிர்க்கும் மரம் இருந்தால், இன்று பளிச்சென்று இருக்கும் பாத்தி இரண்டு மாதத்தில் நிழலில் போய்விடும். தக்காளி, கத்தரி, மிளகாய் போன்ற காய்ப்பவற்றுக்கு 6 முதல் 8 மணி நேர நேர்வெயில் வேண்டும். கீரை, லெட்யூஸ் 4 மணி நேரத்தில் சமாளிக்கும். நிழல் விழப்போகிற பக்கத்தை அவற்றுக்கு ஒதுக்குங்கள்.

நாற்று விடுவதற்கு உங்கள் பகுதியின் கடைசி உறைபனித் தேதி தெரிய வேண்டும். மிளகாய், கத்தரி விதையை அதற்கு 8 முதல் 10 வாரம் முன்பும், தக்காளியை 6 முதல் 8 வாரம் முன்பும் வீட்டுக்குள் குழித்தட்டில் போடலாம். ஒன்றை மனதில் வையுங்கள். வானிலைக் குறிப்புகளில் கொடுக்கிற அந்தத் தேதி பெரும்பாலும் சராசரி. ஏறக்குறைய பாதி வருஷங்களில் அந்த நாளுக்குப் பிறகும் பனி விழுந்திருக்கிறது என்று பொருள். பட்டாணி, பசலை, முள்ளங்கியை அந்தத் தேதிக்கு நாலைந்து வாரம் முன்பே, மண் பதம் வந்திருந்தால், விதைக்கலாம். தக்காளிக்கு அது கழிந்து ஒன்று, இரண்டு வாரம். மிளகாய், கத்தரிக்கு இன்னும் ஒரு வாரம் தள்ளினாலும் நஷ்டமில்லை. முந்தி நட்டுக் குளிரில் விறைத்த செடியைப் பின்னால் நட்ட செடி ஒரே மாதத்தில் தாண்டிப்போவதை நீங்களே பார்ப்பீர்கள்.

காத்திருக்க முடியவே இல்லை என்றால் மண்ணைச் சூடாக்குங்கள். பதம் வந்த பாத்தியில் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பை மண்ணோடு ஒட்டினாற்போல இழுத்துக் கட்டி, ஓரத்தில் மண் போட்டு இரண்டு மூன்று வாரம் வைத்தால் சில டிகிரி ஏறும். வைக்கோல் மூடாக்கு இப்போது வேண்டாம், அது குளிரை உள்ளேயே பூட்டி வைக்கும். மண் நன்றாகச் சூடேறி, தக்காளி வேர் பிடித்த பிறகு போடுங்கள், அப்போது அது ஈரத்தைக் காத்து, அந்த அடிக் கறுப்புக்கும் மருந்தாகும்.

நாற்றை வெளியே கொண்டுவரும்போது ஒரு வாரம், பத்து நாள் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு, அப்புறம் காலை வெயில், கடைசி இரண்டு நாள் இரவும் வெளியே. பழக்காமல் நேரே வெயிலில் வைத்தால் இலை ஒரே பகலில் வெளுத்துக் காகிதம் போலாகிவிடும். காற்றும் முக்கியம், வீட்டுக்குள் வளர்ந்த தண்டு ஆடிப் பழகியிருக்காது. நட்ட பிறகு இரவில் உறைபனி வரும் என்று தெரிந்தால் பழைய போர்வையைக் குச்சிமேல் கூடாரமாக விரித்து, ஓரம் தரையைத் தொடும்படி விடுங்கள், மண்ணின் சூடு உள்ளேயே நிற்கும். காலையில் எடுத்துவிட மறக்கக் கூடாது.

போன வருஷம் தக்காளி நின்ற பக்கத்தில் இந்த வருஷம் பீன்ஸோ கீரையோ போடுங்கள். கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு மூன்றும் தக்காளியின் சொந்தக்காரர்கள், ஒரே பூச்சி, ஒரே மண் நோய். இரண்டே பாத்தியில் பயிர் சுழற்சி பெரிதாக ஒன்றும் சாதிக்காது, என்றாலும் சும்மா கிடைப்பதை விடுவானேன்.

இப்போதைக்கு மண்ணை எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள், கயிற்றைக் கட்டுங்கள், பீன்ஸ் தொட்டிகளை ஜன்னலோரம் வையுங்கள். சோதனை முடிவு வந்ததும் பி.எச். எண்ணையும், கரிமச்சத்து எவ்வளவு என்பதையும் எழுதி அனுப்புங்கள். சுண்ணாம்பு மூட்டையை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால், அதுவரை அதைப் பிரிக்க வேண்டாம்.